வீரம் சாட்சியாகுமா?

போர்முனையிலிருந்து மீண்டு வந்தவன் வாய் திறந்தால் ஊரே கூடி நின்று கேட்கும். மரணத்தை அருகிருந்து கண்டவன் பொய் சொல்லமாட்டான் என்பது மக்கள் மனத்தில் ஊறிப்போன நம்பிக்கை. போர்வீரர்களின் நினைவு நூல்கள் எல்லா நாடுகளிலும் விரும்பிப் படிக்கப்படுவதற்கு இந்த நம்பிக்கையே அடிப்படை. ஆனால், உயிரைப் பணயம் வைத்தவன் என்ற ஒரே காரணத்தால் ஒருவன் உண்மைக்குச் சாட்சியாகிவிடுவானா? அவனது துணிவு வேறு. அத்துணிவு எதற்காகச் செலவிடப்பட்டது என்பது வேறு அன்றோ? இந்த வினாவை மனத்திற்கொண்டு, இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜெர்மன் இராணுவ அதிகாரிகள் சிலர் எழுதிய நூல்களையும், அந்நூல்கள் ஆற்றிய அரசியல் பணியையும் இங்கே ஆராய முற்படுகிறோம்.

முதலில் ஹான்ஸ் உல்ரிச் ரூடெல் என்னும் விமானியை எடுத்துக்கொள்வோம். 1916இல் சைலீசியாவில் பிறந்த இவர், குத்திட்டுப் பாய்ந்து குண்டுவீசும் ஸ்டூக்கா விமானங்களை ஓட்டியவர். 2530 முறை போர்ப் பறத்தல் செய்தவர் என்றும், 519 டாங்கிகளை அழித்தவர் என்றும் ஜெர்மன் கணக்குகள் கூறுகின்றன. ஹிட்லரின் அரசு வழங்கிய வீர விருதுகளுள் தங்க ஓக் இலை, வாள், வைரம் ஆகிய மூன்றும் பதித்த மாவீரச் சிலுவையைப் பெற்றவர் இவர் ஒருவரே. 1945 பிப்ரவரியில் ஒரு காலை இழந்த பின்னரும் மீண்டும் விமானம் ஏறினார். போர் முடிந்து சில ஆண்டுகளில் அர்ஜென்டினாவில் குடியேறினார். அவரது நினைவு நூல் 1949இல் பியூனஸ் ஐரிஸ் நகரில் வெளிவந்தது. அதன் ஜெர்மன் பெயரை 'இருப்பினும்' என்று தமிழில் சொல்லலாம். தோற்றுவிட்டோம், இருப்பினும் நாங்கள் தவறு செய்தவர்கள் அல்லர் என்னும் முறைப்பு அந்த ஒற்றைச் சொல்லிலேயே அடங்கிக் கிடக்கிறது.

நூலின் சுவையை நாம் மறுக்கவில்லை. 1944 மார்ச் மாதத்தில், எதிரியின் பகுதியில் சிக்கிய தோழர்களை மீட்கத் தரையிறங்கிய ரூடெலின் விமானம் சேற்றில் புதைந்து போகிறது. உறைய வைக்கும் குளிரில் டினீஸ்டர் ஆற்றை நீந்திக் கடக்கிறார்கள். நெடுநாள் உடன் பறந்த துணைவர் அந்த ஆற்றிலேயே மூழ்கிப் போகிறார். இத்தகைய பகுதிகளைப் படிக்கும்போது எந்த வாசகன் நெஞ்சும் ஒரு கணம் துடிக்கவே செய்யும். தோழனுக்காக உயிரைப் பொருட்படுத்தாத பண்பு யாரிடம் இருந்தாலும் அது பண்புதான். அதில் நமக்குப் பிணக்கில்லை.

நமது பிணக்கு, நூல் எங்கே நின்று உலகைப் பார்க்கிறது என்பதில்தான். ரூடெல் தம் கதையை ஆயிரக்கணக்கான அடி உயரத்திலிருந்து சொல்கிறார். அங்கிருந்து பார்த்தால் டாங்கி தெரியும், பாலம் தெரியும், கப்பல் தெரியும், மனிதன் தெரியமாட்டான். 1941 செப்டம்பரில் குரோன்ஷ்டாட் துறைமுகத்தில் நின்ற சோவியத் போர்க்கப்பல் 'மராத்' மீது அவர் குண்டு வீசிய நிகழ்ச்சி நூலின் உச்சங்களுள் ஒன்று. அதே செப்டம்பரில்தான், துறைமுகத்தை அடுத்திருந்த லெனின்கிராடு நகரத்தை ஜெர்மன் படைகள் முற்றுகையிட்டன. அந்த முற்றுகை 872 நாட்கள் நீடித்தது. லட்சக்கணக்கான மக்கள் பசியால் மாண்டனர். நகரைப் பட்டினி போட்டே ஒழிப்பது என்பது ஜெர்மன் தலைமையின் திட்டமாகவே இருந்தது. கப்பல் தீப்பற்றியதைக் கண்கொட்டாமல் விவரிக்கும் நூலுக்கு, அதன் அருகே ரொட்டித் துண்டுக்காகச் செத்துக்கொண்டிருந்த நகரம் பொருளாகவில்லை. சொன்னதில் பொய் இல்லாமலே ஒரு நூல் பொய்யாக முடியும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

கீழே நிலத்தில் நடந்தது என்ன? ஜெர்மன் இராணுவத்தின் பிடியில் சிக்கிய சோவியத் போர்க்கைதிகள் ஏறத்தாழ 57 லட்சம் பேர். அவர்களுள் ஏறத்தாழ 33 லட்சம் பேர் பசியாலும் குளிராலும் நோயாலும் துப்பாக்கியாலும் உயிரிழந்தனர். கைதி முகாம்கள் இராணுவத்தின் பொறுப்பிலேயே இருந்தன. கைதிகளுள் யூதர்களையும் கம்யூனிஸ்ட் அதிகாரிகளையும் பொறுக்கியெடுத்துக் கொல்ல வந்த சிறப்புக் கொலைப்படைகளுக்கு இராணுவம் கதவைத் திறந்து விட்டது. இங்கே நம் வாசகர்கள் அறிந்திருக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அக்கைதிகளுள் வோல்கா ஆற்றங்கரையிலிருந்தும், காக்கசஸ் மலைநாட்டிலிருந்தும், மத்திய ஆசியாவிலிருந்தும் வந்த முஸ்லிம்கள் பெருந்தொகையினர். கத்னா செய்யப்பட்டிருந்ததைக் கண்டு யூதர்கள் என்று முடிவுகட்டி, அவர்களுள் ஆயிரக்கணக்கானோரை சோவியத் நாட்டின் மீதான போரின் முதல் மாதங்களிலேயே சுட்டுக் கொன்றார்கள். பின்னர் இவ்வாறு குழப்பிக்கொள்ள வேண்டாமென மேலிடத்திலிருந்து உத்தரவு வந்ததாம்! கொல்வது பிழை என்று அந்த உத்தரவு சொல்லவில்லை. ஆள் மாறிப் போனதுதான் பிழை என்றது. யூதன் என்பதால் ஒருவனைக் கொல்வது முறையெனக் கொள்ளும் உலகில், அடுத்தவன் பாதுகாப்பாக இருக்க முடியாது என்பதை அந்த அப்பாவிகளின் குருதி நமக்கு எழுதிக் காட்டுகிறது.

இனி, 'இருப்பினும்' என்ற நூல் யாருடைய கைகளில் தவழ்ந்தது என்று பார்ப்போம். அதை முதலில் வெளியிட்ட பியூனஸ் ஐரிஸ் பதிப்பகம், தப்பியோடிய நாஜிகளின் எழுத்துகளுக்குப் புகலிடமாக விளங்கியது. 1952இல் வந்த ஆங்கிலப் பதிப்பை வெளியிட்டது, பிரிட்டிஷ் பாசிஸ்டுகளின் தலைவர் ஆஸ்வால்டு மோஸ்லியும் அவர் மனைவியும் நடத்திய பதிப்பகம். அதற்கு முன்னுரை எழுதியவரோ, ஹிட்லரின் விமானப்படையை எதிர்த்துப் போரிட்டுப் புகழ்பெற்ற டக்ளஸ் பேடர் என்ற ஆங்கில விமானி. பேடருக்கு இரு கால்களும் இல்லை. 1945இல் கைதியாக இருந்த ரூடெலைச் சந்தித்திருந்தார். ஒரு விமானி மற்றொரு விமானியின் துணிவை மதித்தது இயல்பே. ஆனால், அந்த மதிப்புரை மோஸ்லியின் கடைச்சரக்கிற்கு முத்திரையாகப் பயன்பட்டது. எதிரியே பாராட்டிவிட்டான், இனி யார் குறை சொல்வது? வீரத்திற்குத் தரப்பட்ட நற்சான்று, சொல்லாமல் கொள்ளாமல் கொள்கைக்கும் நற்சான்றாகி விட்டது.

ரூடெல் நினைவுகளோடு நின்றுவிடவில்லை. தோல்விக்குக் காரணம் உள்ளிருந்தவர்களின் துரோகமே என்று வாதிடும் சிறு பிரசுரம் ஒன்றை 1951இல் எழுதினார். இது பழைய பாட்டின் புதிய மெட்டு. முதல் உலகப் போரில் தோற்ற பின், களத்தில் தோற்காத படையை உள்நாட்டார் முதுகில் குத்திவிட்டார்கள் என்று தளபதி ஹிண்டன்பர்க் 1919இல் சாட்சியம் அளித்தார். அந்தக் கட்டுக்கதை, பதினான்கே ஆண்டுகளில் ஹிட்லரை அரியணை ஏற்றிய படிக்கட்டுகளுள் ஒன்றாயிற்று. அதையே இரண்டாம் முறையும் கட்டி எழுப்பப் பார்த்தார் ரூடெல். 1953ஆம் ஆண்டுத் தேர்தலில் ஜெர்மன் ரைக் கட்சி என்ற தீவிர வலதுசாரிக் கட்சி அவரைத் தன் முதன்மை வேட்பாளராக முன்னிறுத்தியது. கட்சிக்குக் கிடைத்த வாக்கு 1.1 விழுக்காடுதான். பதக்கங்களைக் கண்டு மயங்காத வாக்காளர்களை நாம் பாராட்டவே வேண்டும்.

ஆனால், எல்லா இடத்திலும் வாக்காளர்கள் அவ்வாறு விழிப்பாக இருக்கவில்லை. இங்கேதான் இரண்டாவது மனிதர் வருகிறார். அவர் ஓட்டோ எர்ன்ஸ்ட் ரேமர். 1944 ஜூலை 20 அன்று கர்னல் ஸ்டாஃபென்பெர்க் ஹிட்லரின் தலைமையகத்தில் குண்டு வைத்தார். அன்று பெர்லின் காவல் படைப்பிரிவின் தலைவராக இருந்தவர் மேஜர் ரேமர். ஹிட்லர் இறந்துவிட்டார் என்று கருதிய கிளர்ச்சியாளர்கள் அமைச்சர்களின் மாளிகைகளை வளைக்கும்படி அவருக்கு ஆணையிட்டனர். கோயபல்ஸ் தொலைபேசியை ரேமர் கையில் கொடுத்தார். மறுமுனையில் ஹிட்லரின் குரல்! அந்தக் கணமே ரேமர் கிளர்ச்சியை ஒடுக்கும் கருவியானார், கர்னலாக உயர்த்தப்பட்டார், பின்னர் மேஜர் ஜெனரல் பதவியும் பெற்றார். கிளர்ச்சியில் தொடர்புடையோர் என ஏறத்தாழ 200 பேர் கொல்லப்பட்டனர்.

போருக்குப் பின் 1949 அக்டோபரில் தோன்றிய சோஷலிஸ்ட் ரைக் கட்சியின் முன்னணித் தலைவராக ரேமர் விளங்கினார். மேடை தோறும் அவர் முழங்கியது, ஜூலை 20ஆம் நாள் வீரர்கள் அயல்நாட்டிடம் கூலி பெற்ற துரோகிகள் என்பதுதான். 1951 மே மாதம் கீழ் சாக்சனி மாநிலத் தேர்தலில் இக்கட்சி 11 விழுக்காடு வாக்குகளும் 16 இடங்களும் பெற்றது. ஹிட்லர் மாண்டு ஆறே ஆண்டுகள் ஆகியிருந்தன! அந்த ஆண்டிலேயே ரேமர், ஜூலை 20 நிகழ்ச்சியைப் பற்றித் தம் தரப்பைச் சொல்லும் நூல் ஒன்றையும் வெளியிட்டார். மேடைப் பேச்சும் நூலும் ஒரே நோக்கத்தின் இரு கைகளாக இயங்கின.

ரேமரது வாதத்தின் ஆணிவேர் ஒன்றே: நாங்கள் ஆணையிட்டுக் கொடுத்தோம், கொடுத்த வாக்கைக் காத்தவன் வீரன், மீறியவன் துரோகி. எளிய மனிதர்களைச் சட்டென்று தொடும் வாதம் இது. வாக்குத் தவறாமையைப் போற்றாத சமுதாயம் எது? ஆயினும் அந்த ஆணையின் வரலாற்றைக் கேட்டறிய வேண்டும். 1934 ஆகஸ்டு 2 அன்று ஹிண்டன்பர்க் இறந்தார். அன்றே ஜெர்மன் படையினர் அனைவரையும் ஹிட்லர் என்ற தனிமனிதருக்கு நிபந்தனையற்றுக் கீழ்ப்படிவதாக ஆணையிடச் செய்தனர். நாட்டுக்கும் அரசியல் சட்டத்துக்கும் உரிய விசுவாசம் ஒரே நாளில் ஒரு மனிதனின் சட்டைப்பைக்குள் போயிற்று. அவ்வாறு வாங்கிய ஆணையின் பெயரால்தான் பின்னர் நடந்த கொடுமைகள் அத்தனைக்கும் கை கொடுக்கச் சொன்னார்கள்.

இந்த வாதம் நீதிமன்றத்தில் சந்திக்கப்பட்டது. துரோகி என்ற வசைக்காக ரேமர் மீது 1952 மார்ச் மாதம் பிரவுன்ஷ்வைக் நகரில் வழக்கு நடந்தது. அரசுத் தரப்பில் வாதாடியவர் ஃபிரிட்ஸ் பாவர். யூதக் குடும்பத்தில் பிறந்தவர். 1933இல் நாஜிகளின் முகாமில் அடைக்கப்பட்டவர். டென்மார்க்கிலும் ஸ்வீடனிலும் அகதியாக வாழ்ந்து 1949இல் நாடு திரும்பியவர். ஸ்டாஃபென்பெர்க் பயின்ற பள்ளியில் தாமும் பயின்றவர். ரேமரைச் சிறைக்கு அனுப்புவது மட்டும் அவர் நோக்கமாக இருந்திருந்தால் வழக்கு ஒரு நாளில் முடிந்திருக்கும். அவரோ கேள்வியையே உயர்த்திப் பிடித்தார்: அநீதியே சட்டமாகிவிட்ட அரசுக்கு எதிராக எழுவது துரோகமா? வரலாற்றறிஞரை அழைத்தார். புராட்டஸ்டண்ட், கத்தோலிக்க இறையியல் அறிஞர்களை அழைத்து, தீமைக்காகக் கேட்டு வாங்கிய ஆணை மனச்சாட்சியைக் கட்டுப்படுத்துமா என்று கருத்துரைக்கச் செய்தார். பாவமான காரியத்தில் எந்த மனிதனுக்கும் கட்டுப்பட வேண்டியதில்லை, தீமையின் பொருட்டுச் செய்த சத்தியத்தை முறித்துவிடுவதே நன்று என்ற நெறியில் வளர்ந்த நமக்கு, அந்த மன்றத்தில் எழுந்த வினா அந்நியமானதன்று. ஹிட்லரின் அரசு நீதியின் மேல் நின்ற அரசன்று, அநீதியின் அரசே என்று நீதிமன்றம் கூறியது. ரேமருக்கு மூன்று மாதச் சிறைத் தண்டனை கிடைத்தது. அவ்வாண்டு அக்டோபர் 23 அன்று அவரது கட்சியையே அரசியல் சட்ட நீதிமன்றம் தடைசெய்தது. தண்டனை சிறியதுதான், ஆனால் அதன்வழி நிலைநாட்டப்பட்ட உண்மை பெரியது.

தண்டனையை அனுபவிக்காமல் ரேமர் நாட்டைவிட்டு வெளியேறி எகிப்தை அடைந்தார். இங்கே நாம் சற்று நின்று பேச வேண்டியிருக்கிறது. இத்தகையோருக்கு முஸ்லிம் நாடுகளில் இடம் கிடைத்ததைக் கண்டு, அவர்கள் நம் நண்பர்கள் போலும் என்று எண்ணுவோர் உண்டு. வெள்ளையரின் ஆதிக்கத்தை எதிர்த்தவர்கள் என்ற மயக்கமும் சிலருக்கு உண்டு. பாலஸ்தீன மக்கள் மண்ணிழந்து அகதிகளான துயரம் இந்த மயக்கத்திற்கு எண்ணெய் வார்க்கிறது. ஆனால், அந்த மக்களுக்கு இழைக்கப்பட்ட அநீதி ஓர் உண்மை. ஐரோப்பாவில் ஏறத்தாழ 60 லட்சம் யூதர்கள் கொன்றொழிக்கப்பட்டது மற்றோர் உண்மை. ஒன்றைச் சொல்லி மற்றொன்றை அழிக்க முடியாது. அழிக்க முயல்பவன் இரண்டு துயரங்களுக்கும் பகைவன். நம் எதிரிக்கு எதிரி என்பதாலேயே ஒருவன் நண்பனாவதில்லை. கைதி முகாமில் சுடப்பட்ட அந்த முஸ்லிம் வாலிபர்களைக் கேட்டால் இதை அவர்கள் நமக்கு எடுத்துரைப்பார்கள்.

ரேமர்களும் ரூடெல்களும் வெளிப்படையானவர்கள். அவர்களை இனங்காண்பது எளிது. அவர்கள் கால் ஊன்ற நிலம் பண்படுத்தியவர்களோ கண்ணியமான தளபதிகள். 1950ஆம் ஆண்டுவாக்கில் சோவியத் நாட்டுக்கு எதிராக மேற்கு ஜெர்மனிக்கு ஒரு படை வேண்டும் என்ற எண்ணம் மேலைநாடுகளில் ஓங்கியது. அவ்வாண்டு அக்டோபரில் ஹிம்மெரோட் மடத்தில் கூடிய முன்னாள் அதிகாரிகள், ஜெர்மன் வீரன்மீது சுமத்தப்பட்ட களங்கம் நீங்கவேண்டும் என்பதையும் புதிய படைக்குரிய நிபந்தனைகளுள் ஒன்றாக வைத்தனர். 1951 ஜனவரியில் அமெரிக்கத் தளபதி ஐசன்ஹோவரும், ஜெர்மன் வீரனை ஹிட்லரின் கூட்டத்தோடு சேர்த்து எண்ணலாகாது என்று அறிவித்தார். களங்கம் கழுவப்பட்டது, கழுவிய நீரில் உண்மையும் கரைந்து போயிற்று.

அந்தப் பருவத்தில் பூத்த இலக்கியம்தான் தளபதிகளின் நினைவு நூல்கள். அவற்றுள் தலைசிறந்தது என்று பலரும் போற்றுவது மான்ஸ்டைனின் 'இழந்த வெற்றிகள்', 1955இல் வெளிவந்தது. படை நகர்த்தும் கலையைச் சதுரங்க ஆட்டக்காரனின் தெளிவோடு விளக்குகிறது. ஹிட்லர் குறுக்கிடாமல் இருந்திருந்தால் ஆட்டம் வேறாகியிருக்கும் என்பதே அதன் அடிநாதம். தலைப்பைக் கவனியுங்கள்: ஆசிரியரின் துக்கம், இழந்த வெற்றிகளுக்காக, இழந்த உயிர்களுக்காக அன்று. 1941 நவம்பர் 20 அன்று யூதர்களுக்கு எதிரான கடுமையை நியாயப்படுத்தித் தம் படையினருக்கு உத்தரவு பிறப்பித்தவர் இதே மான்ஸ்டைன். 1949இல் பிரிட்டிஷ் இராணுவ நீதிமன்றம் 18 ஆண்டுச் சிறை விதித்தது, 1953இல் விடுதலையானார். அவர் எந்தத் தீவிரக் கட்சியின் மேடையிலும் ஏறவில்லை. ஆனால், இராணுவம் தூயது, குற்றமெல்லாம் ஒரு பைத்தியக்காரனுடையது என்ற கதையை அவர் மெல்லிய குரலில் சொன்னார். அதனால்தான் ரேமர் அதை உரத்த குரலில் கத்த முடிந்தது.

இக்கதை எவ்வளவு ஆழமாக வேரூன்றியது என்பதற்குப் பின்வந்த ஆண்டுகள் சான்று. 1976இல் மேற்கு ஜெர்மன் விமானப்படைத் தளம் ஒன்றில் நடந்த பழைய வீரர் கூட்டத்தில் ரூடெல் கலந்துகொண்டார். அதை ஆதரித்துப் பேசிய கிருபின்ஸ்கி, ஃபிராங்கே என்ற இரு விமானப்படைத் தளபதிகளை அமைச்சர் லேபர் பதவியிலிருந்து ஓய்வுபெறச் செய்தார். ரூடெல் 1982இல் இறந்தபோது கல்லறையருகே சிலர் நாஜி முறையில் கை உயர்த்தினர். ரேமரோ முதுமையிலும் அடங்கவில்லை. யூதர் படுகொலையே நடக்கவில்லை என்று எழுதியதற்காக 1992இல் 22 மாதச் சிறைத் தண்டனை பெற்றார்; 1994இல் ஸ்பெயினுக்குத் தப்பியோடி, 1997இல் அங்கேயே மாண்டார். துரோகிகள் என்ற முதல் பொய்யிலிருந்து படுகொலை நடக்கவில்லை என்ற கடைசிப் பொய் வரை, அவர் நடந்தது ஒரே பாதைதான்.

'தூய இராணுவம்' என்ற கதையைப் பொதுமக்களின் கண்முன் உடைத்தது, 1995இல் ஹாம்பர்க் சமூக ஆய்வு நிறுவனம் தொடங்கிய புகைப்படக் கண்காட்சி. அதிலும் சில படங்களின் விளக்கங்களில் பிழை காணப்பட்டது. 1999இல் கண்காட்சியை நிறுத்தி, அறிஞர் குழுவிடம் ஒப்படைத்து, 2001இல் திருத்தி மீண்டும் வைத்தார்கள். இராணுவம் கொடுமைகளில் பங்குகொண்டது என்ற அடிப்படை முடிவு மாறவில்லை. பிழையைக் காட்டியபோது திருத்திக்கொண்டது ஒரு தரப்பு. ஐம்பது ஆண்டுகள் ஆகியும் ஓர் எழுத்தையும் மாற்றாதது மற்றொரு தரப்பு. எத்தரப்பை நம்புவது என்பதை வாசகர்களே முடிவு செய்துகொள்ளலாம்.

போர் நூல்களைப் படிக்காதீர்கள் என்று நாம் எவரையும் தடுக்கவில்லை. நம் இல்லங்களில் இளைஞர்கள் அவற்றை ஆவலோடு படிக்கிறார்கள், படிக்கட்டும். ஆனால், நூலை மூடும்போது மூன்று கேள்விகளை அவர்கள் கேட்டுப் பழகவேண்டும். இந்த வீரன் சுட்ட குண்டு எங்கே போய் விழுந்தது? விழுந்த இடத்தில் இருந்தவர்களுக்கு இந்நூலில் பெயர் உண்டா? இதை அச்சிட்டு நம் கையில் கொடுத்தவன் நம்மிடம் எதை எதிர்பார்க்கிறான்? இந்த மூன்றுக்கும் விடை சொல்லும் நூலே சாட்சியம். விடை சொல்லாத நூல், எத்துணைச் சுவையாக இருந்தாலும், குற்றவாளிக் கூண்டில் நிற்பவனின் வாதம் மட்டுமே. வாதத்தையும் கேட்க வேண்டியதுதான். அதையே தீர்ப்பு என்று எடுத்துக்கொள்ளலாகாது.

மேற்கு ஜெர்மனி 1955இல் புதிய படையை அமைத்தபோது, அதிலும் பழைய அதிகாரிகள் பலர் இடம்பெற்றனர். எனினும் ஒரு மாற்றம் நிகழ்ந்தது. புதிய படைவீரன் எந்தத் தனிமனிதனுக்கும் ஆணையிட்டுக் கொடுப்பதில்லை. தன் நாட்டுக்குத் தொண்டாற்றவும் மக்களின் உரிமையையும் சுதந்திரத்தையும் காக்கவுமே உறுதி கூறுகிறான். குற்றம் புரியும்படி மேலதிகாரி கட்டளையிட்டால் அதை நிறைவேற்றக் கூடாது என்று 1956ஆம் ஆண்டுச் சட்டமே விதித்தது. ரேமர் தொலைபேசியைக் காதில் வைத்து நின்ற அந்த ஒரு கணத்திற்கு அந்நாடு எழுதிய மறுமொழி அது. வீரர்களின் நினைவு நூல்கள் அனைத்தையும் ஒரு தட்டிலும், சட்டத்தின் அந்த ஒரு விதியை மறுதட்டிலும் வைத்தால், தாழ்ந்து நிற்பது எந்தத் தட்டு என்பதில் நமக்கு ஐயமில்லை.